கட்டைவிரல் பிரேக்

எங்கள் வீட்டில் இரண்டு ஜன்னல்கள். தெருப்பக்க ஜன்னலுக்குச் சமீபகாலம் வரை பித்தளைக் கைப்பிடி உண்டு. சமையலறை ஜன்னலுக்குக் கிடையாது. ஒரு பழைய ஷூ நாடாவால் அதன் கதவைக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருப்போம். காற்று பலமாக அடித்தால் நாடா தளர்ந்து கதவு படார் படாரென்று மோதும். வீட்டுக்கு வருகிறவர்கள், "ஒரு கைப்பிடி வாங்கிப் போடக் கூடாதா?" என்று கேட்பார்கள். அந்த அளவில் இப்போது கடையில் கிடைப்பதில்லை. பொருந்தாத ஒன்றை மாட்டுவதைவிட நாடாவே மேல் என்பது அத்தையின் கட்சி. கழற்றிய கைப்பிடி எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதில்லை. அது அத்தையின் மோட்டார் சைக்கிளில் இருந்தது.

"இருந்தது" என்று எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். கோபத்தில் எழுதினால் முன்னது பின்னதாகிவிடும் என்று நான் படிக்கும் மாலை வகுப்பில் ஏற்கெனவே ஒருமுறை திட்டு வாங்கியிருக்கிறேன்.

அத்தை என் அப்பாவின் அக்கா. நான் அவள் வீட்டில் தங்கி லென்ஸ் பட்டறையில் வேலை பார்க்கிறேன். மூக்குக் கண்ணாடிகளுக்கான லென்ஸ்களை அங்கே அரைக்கிறார்கள். அரைத்து வருவதைத் துடைத்து, மெல்லிய தாளில் சுற்றி, உறையில் போட்டு, எந்தக் கடைக்கு என்று எழுதி வைப்பது என் வேலை. அதைப் பெட்டியில் அடுக்கி ஊர் முழுக்க உள்ள கண்ணாடிக் கடைகளுக்குக் கொண்டு சேர்ப்பது அத்தையின் வேலை. சாயங்காலம் திரும்பும் வழியில் என்னை வகுப்பு வாசலில் இறக்கி விடுவாள்.

அவள் ஓட்டுவது ஒரு பழைய கனமான மோட்டார் சைக்கிள். காலையில் லேசில் கிளம்பாது என்பதால் அதற்குச் சோம்பேறி என்று பெயர். "சோம்பேறி எழுந்திரிச்சாச்சா?" என்று மாமா கேட்டால், "நீங்க எழுந்திரிச்சிட்டீங்களே, அது எப்ப எழுந்திரிக்கும்னு பாக்கறேன்" என்பாள். பெரிய சக்கரம், மெத்தென்ற சீட்டு, இரு பக்கமும் பெட்டி மாட்டும் கம்பி. குழியில் இறங்கி ஏறினாலும் பெட்டிக்குள் லென்ஸ்கள் அலுங்காது.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அத்தையின் இடது கணுக்கால் பலம் இழந்துவிட்டது. நிற்கலாம், நடக்கலாம், பாதத்தை அழுத்த மட்டும் முடியாது. அந்த வண்டியில் பின் சக்கர பிரேக் இடது காலில்தான். முன் சக்கரத்தில் கை பிரேக் உண்டு, ஆனால் பெட்டி ஏற்றிய வண்டியை அது ஒன்றே நிறுத்திவிடாது. அதனால் வண்டி வந்த புதிதில் தெருமுனை வெல்டரிடம் போய் யோசனை கேட்டிருக்கிறாள். அவர் சமையலறை ஜன்னலின் கைப்பிடியைக் கழற்றி வரச் சொல்லி, அதைத் துளைத்து, வண்டியின் இடது கைப்பிடியில் கிளட்சுக்குக் கீழே பொருத்தி, அங்கிருந்து பின் சக்கரம் வரை ஒரு கேபிள் இழுத்துக் கொடுத்தார். கட்டைவிரலால் அழுத்தினால் வண்டி நிற்கும். அத்தனை வருடம் அழுத்தி அழுத்தி அந்தப் பித்தளையின் நடுவில் அவள் விரல் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

வண்டி மாமாவின் பெயரில் இருந்தது. கால் சரியில்லாத பெண்ணின் பெயரில் பதிய முடியாது என்று அப்போதைய அலுவலகத்தில் ஒருவர் சொன்னாராம். மாமாவுக்குச் சைக்கிளே தள்ளாடும்.

தாடிக்காரர் எங்கள் பட்டறை வாசலில்தான் முதலில் தென்பட்டார். ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் கம்பெனியில் வடிவமைப்பாளர். நன்றாகச் சீவிய தாடி, கிழித்தே விற்கும் கால்சட்டை. அத்தை பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தாள். அவர் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, எழுந்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"மேடம், இது ஓடுதா?"

"இல்ல தம்பி, தலையில தூக்கிட்டு வந்தேன்."

அவர் சிரித்தார். அவர்கள் கம்பெனி இதே மாடலைப் பின்பற்றி ஒரு புது வண்டி கொண்டுவருகிறதாம். அளவெடுக்க ஓடுகிற வண்டி ஒன்று வேண்டுமாம். காட்சிக்கு வைத்திருப்பவற்றில் உயிர் இல்லையாம். "உள்ள எல்லாமே புதுசு மேடம். இன்ஜின், கம்ப்யூட்டர், எல்லாம். பார்வைக்கு மட்டும் பழசு."

"எங்க வீட்டுக்காரர் தலைக்குச் சாயம் பூசறார். வெளிய புதுசு, உள்ள பழசு. நீங்க அதைத் திருப்பிப் போடறீங்க, அவ்வளவுதானே?"

ஒரு மாதம் வண்டியைக் கொடுத்தால் அளவெடுத்துவிட்டு, நன்றிக்கடனாக அதை முழுவதும் புதுப்பித்துத் தருவதாகச் சொன்னார். அத்தை வேண்டாம் என்றாள். லென்ஸை எதில் கொண்டு போவது? அதோடு பேச்சு முடிந்தது என்று நான் நினைத்தேன்.

மறுநாள் அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். பேக்கரியில் அடுப்பு வேலை முடிந்து வந்த மாமா மட்டும் வீட்டில் இருந்தார். நாங்கள் வந்து சேர்ந்தபோது மாமாவின் தலையில் கம்பெனித் தொப்பி, மேசைமேல் இரண்டு காலிக் கோப்பைகள், கையெழுத்து வரை எல்லாம் முடிந்திருந்தது.

"என் பேர்ல இருக்கிற வண்டியை உலகமே பாக்கப் போகுது" என்றார் மாமா.

"வேலைக்கு?"

"மாத்து வண்டி தர்றாங்க, ஸ்கூட்டர். கை பிரேக்தான், கேட்டுட்டேன். சும்மா பாலிஷ் போட்டுத் தர்றேன்னு சொல்றாங்க, உனக்கு என்ன கசக்குது?"

"என் பிரேக்கைத் தொடக் கூடாதுன்னு சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

"பிரேக்கை நல்லாப் பாத்துக்குங்கன்னு சொன்னேன். வேற எப்படிச் சொல்றது?"

அத்தை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் முகம் கழுவினாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. இப்போதும் முழுதாக விளங்கியதாகச் சொல்ல மாட்டேன்.

ஸ்கூட்டர் வந்தது. குட்டிச் சக்கரம். குழிக்குக் குழி பெட்டி துள்ளியது. முதல் வாரத்திலேயே ஓரம் உடைந்த லென்ஸ்கள் கடைகளிலிருந்து திரும்பி வரத் தொடங்கின. நான் கூடுதலாகப் பஞ்சு வைத்தேன், இரட்டைத் தாள் சுற்றினேன், ஒன்றும் எடுபடவில்லை. பட்டறை முதலாளி மோசமானவர் இல்லை. ஆனால் திரும்பி வந்த உறைகளை என் மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு அவர் அத்தையிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, இந்த மாசம் பொறுத்துக்கறேன். உங்க வண்டி வந்துடணும். வரலைன்னா நான் வேன் வச்சிருக்கிற ஆளைப் பாக்க வேண்டி வரும். என்னைத் தப்பா நினைக்காதீங்க."

"வந்துடும்" என்றாள் அத்தை.

மாதக் கடைசியில் அழைப்பு வந்தது. புது வண்டியின் அறிமுக விழா. பழைய வண்டியும் மேடையில் இருக்கும், குடும்பத்தோடு வர வேண்டும் என்றார்கள். அத்தை விழாவைப் பார்க்கப் போகவில்லை. வண்டியை ஓட்டி வரத்தான் போனாள். அதனால்தான் கைப்பையில் தலைக்குக் கட்டும் துணியும் வண்டியின் இன்னொரு சாவியும் எடுத்துக்கொண்டாள். மாமா தொப்பி போட்டுக்கொண்டார்.

பெரிய கூடம். தரை முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தது. நடுவில் இரண்டு மேடை. ஒன்றில் புது வண்டி, இன்னொன்றில் சோம்பேறி. அதை அடையாளம் காண எனக்கு நேரம் பிடித்தது. கறுப்பில் கண் கூசியது. சீட்டு மாறியிருந்தது. பெட்டி மாட்டும் கம்பிகள் இல்லை. அத்தையின் சாவிக்கொத்து உரசி உரசிப் பெட்ரோல் டாங்கியின் இடது பக்கம் விழுந்திருந்த கீறல்கள், மூன்று நீளம், குறுக்கே ஒன்று, அவையும் இல்லை.

அத்தை மேடையில் ஏறி, வண்டியின் பக்கத்தில் நின்று, இடது கையால் கைப்பிடியைப் பிடித்தாள். அவள் கட்டைவிரல் கீழே இறங்கியது. அங்கே ஒன்றும் இல்லை. விரல் இன்னும் கொஞ்சம் இறங்கித் தேடியது. காற்றில் ஒருமுறை அழுத்தியது.

நான் அப்போது புது வண்டியைப் பார்த்தேன். பார்த்ததை நம்பாமல் கிட்டே போய்ப் பார்த்தேன். அதன் இடது கைப்பிடியில், கிளட்சுக்குக் கீழே, எங்கள் சமையலறை ஜன்னலின் கைப்பிடி இருந்தது. அதே வளைவு. நுனியில் அதே குமிழ். நடுவில் அதே பள்ளம். அத்தையின் விரல் வருடக்கணக்கில் போட்ட பள்ளத்தை அவர்கள் அச்சு எடுத்து வைத்திருந்தார்கள். டாங்கியைப் பார்த்தேன். இடது பக்கத்தில் மூன்று நீளக் கீறல், குறுக்கே ஒன்று. பெயின்டின்மேல் அச்சடித்து அதற்கு மேலே பளபளப்புப் பூசியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு அட்டை: காலத்தின் கையெழுத்து, சிறப்புப் பதிப்பில் மட்டும்.

எங்களிடமிருந்து துடைத்து எடுத்ததை எல்லாம் அவர்கள் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். இதை நான் மிகைப்படுத்துகிறேனோ என்று பலமுறை யோசித்துவிட்டேன். இல்லை.

தாடிக்காரர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். "அந்தக் காலத்துல இன்ஜினோட தீப்பொறி எப்ப விழணும்ங்கறதை ஓட்டறவரே கையால மாத்துவார். அதுக்குன்னு கைப்பிடியில ஒரு லீவர் இருக்கும். இந்தப் பித்தளை லீவர் அந்தப் பொற்காலத்துக்கு எங்க வணக்கம்." கூட்டம் கைதட்டியது. செல்போன்கள் லீவரை நோக்கிச் சாய்ந்தன.

கைதட்டல் அடங்கும்வரை அத்தை காத்திருந்தாள். பிறகு இறங்கி வந்து கேட்டாள்.

"தம்பி, என் வண்டியில இருந்த இந்த லீவர் எங்க?"

அவர் பழைய வண்டியைப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம். "ஆமா, எங்க?" என்று கேட்டுவிட்டு, வெள்ளைக் கையுறை போட்ட ஒருவரைக் கைகாட்டி அழைத்தார். பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் பிரிவின் தலைவர் அவர். வண்டியைத் தொடும்போது மட்டுமல்ல, கைகுலுக்கும்போதும் கையுறையைக் கழற்றவில்லை.

"அது கம்பெனி வரைபடத்துல இல்லாத ஐட்டம்" என்றார் கையுறைக்காரர். "நாங்க பழைய படத்தை வச்சுத்தான் வேலை செய்வோம். படத்துல இல்லாத எதையும் வண்டியில விட மாட்டோம். யாரோ விவரம் தெரியாதவங்க மாட்டி வச்சிருந்தாங்க."

"அந்த விவரம் தெரியாதவ நான்தான்."

"படத்துல இல்லையா?" என்றார் தாடிக்காரர், அத்தையை விட்டுவிட்டு. "தீப்பொறி லீவர் இல்லையா அது?"

"இந்த மாடல்ல அந்த லீவரே கிடையாது சார். உங்க ஆளுங்க எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நீங்க கழட்டறதுக்கு முன்னாடி எங்ககிட்ட கேட்டிருக்கலாம்."

"உங்க டிபார்ட்மென்ட் மூணாவது மாடி. எங்களுக்கு லிஃப்ட் கார்டு கிடையாது."

ஒருவர் அதைப் பழமையின் பெருமை என்று அச்சு எடுத்தார், இன்னொருவர் அதையே குப்பை என்று கழற்றினார். அந்த ஒரு மாதமும் அத்தை இருந்த இடத்துக்கு இரண்டு பேருக்கும் வழி தெரியும். ஒருவர்கூட வந்து, "இது எதுக்கு?" என்று கேட்கவில்லை.

அவர்கள் சண்டையை முடிப்பதாகத் தெரியவில்லை. அத்தை புது வண்டியின் மேடையில் ஏறி, சேலையை ஒதுக்கிக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தாள். யாரோ படம் எடுத்தார்கள். கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்தாள்; பொருந்தாமல் இருக்குமா. வழக்கமாக அழுத்துகிற பலத்தில் அழுத்தினாள். டப் என்று ஒரு சத்தம். லீவர் அவள் மடியில் விழுந்தது. உடைந்த இடம் வெள்ளையாக இருந்தது. பிளாஸ்டிக். மேலே பித்தளை நிறம்.

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் ஓடி வந்து, "மேடம், இது காட்சிக்கு வச்சது, தொடக் கூடாது" என்றாள்.

"இது எதை நிறுத்தும்?" என்று கேட்டாள் அத்தை.

"என்னது?"

"இதை அழுத்தினா எது நிக்கும்னு கேட்டேன்."

"எதுவும் நிக்காது மேடம். அது சும்மா, அழகுக்கு."

"என்னோடது வண்டியை நிறுத்தும். எனக்கு இந்தக் கால் வேலை செய்யாது. பின் பிரேக்கை நான் விரலாலதான் பிடிப்பேன். உங்களுக்கு அளவெடுக்கக் கொடுத்தது ஜன்னல் கைப்பிடியில செஞ்ச என் பிரேக்கு."

கூடத்தில் இருந்தவர்கள் அத்தையின் காலைப் பார்த்தார்கள். இப்போது இவர்கள் தலைகுனிவார்கள் என்று நான் நினைத்தேன். எவ்வளவு பைத்தியக்காரி நான். தாடிக்காரரின் முகம் விளக்குப் போட்ட மாதிரி மலர்ந்தது.

"மேடம், இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? இதுதான் கதையே. கால் முடியாத ஒரு பெண், ஒரு ஜன்னல்… ஜன்னல் கைப்பிடிதானே அது? அப்படித்தான் இருந்துச்சு. பிரமாதம். கேமராவைக் கூப்பிடுங்கப்பா. மேடம், அப்படியே உக்காந்திருங்க."

"முன்னாடி நீங்க கேட்டீங்களா?" என்று நான் சொன்னேன். சத்தமாகச் சொன்னேனா, வாய்க்குள் முணுமுணுத்தேனா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அத்தை வண்டியிலிருந்து இறங்கிவிட்டாள். "கதை கிடக்கட்டும். நாளைக்குக் காலையில நான் லென்ஸ் கொண்டு போகணும். அந்தக் கைப்பிடியை எடுத்துட்டு வாங்க, மாட்டிக்கறேன்."

"கழட்டினதெல்லாம் எடைக்குப் போயிருக்கும்மா" என்றார் கையுறைக்காரர். "ஆனா கால் பிரேக்குக்குப் புதுசா எல்லாம் போட்டிருக்கோம். சார் குறிப்பாச் சொன்னாரே, பிரேக்கை நல்லாப் பாத்துக்குங்கன்னு." அவர் மாமாவைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு" என்றார் கையுறைக்காரர், குரலைத் தாழ்த்தி. "இப்ப இந்த வண்டிக்குச் சுத்த அசல்னு கம்பெனியே சான்றிதழ் கொடுத்திருக்கு. இனிமே இதுல எதையாவது மாட்டினா சான்றிதழ் செல்லாது."

"அந்தச் சான்றிதழ் பிரேக் பிடிக்குமா?"

அவர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். தாடிக்காரர் சொன்னார்: இந்தக் காட்சி இன்னும் பல ஊர்களுக்குப் போகிறது, சோம்பேறியும் அதோடு போனால் நன்றாக இருக்கும், ஸ்கூட்டரை அத்தை எவ்வளவு நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், திரும்பி வந்ததும் தன் கையால் அழகாக ஒரு லீவர் வடிவமைத்துத் தருவார். பேசிக்கொண்டே அவர் அத்தையிடமிருந்து மாமாவின் பக்கம் திரும்பியதை நான் கவனித்தேன்.

"வண்டி சார் பேர்லதானே இருக்கு? சார், நீங்க சொல்லுங்க. உலகமே பாக்கும்."

அத்தை சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்தாள். அன்று வீட்டில் பார்த்த அதே பார்வை. மாமா இந்தக் கணத்தில் அசடு வழிந்துவிடுவார் என்றுதான் எனக்குப் பட்டது. விளக்கு, கேமரா, சார் என்கிற மரியாதை. பேக்கரியில் யாரும் அவரை அப்படிக் கூப்பிடுவதில்லை. நான் தரையைப் பார்த்தேன். பளபளத்த தரையில் மாமாவின் தலைகீழ் உருவம் தொப்பியை மடித்துக்கொண்டிருந்தது.

"வண்டியைக் கீழ இறக்குங்க" என்றார் மாமா.

"சார், கொஞ்சம் யோசிச்சு…"

"போன தடவை யோசிக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன். இப்ப யோசிச்சுட்டேன். இறக்குங்க. பெட்டி மாட்டற கம்பியாவது இருக்கா, அதையும் எடைக்குப் போட்டுட்டீங்களா?"

கம்பிகள் பின்னறையில் கிடைத்தன. தொப்பியைத் தாடிக்காரரின் கையிலேயே வைத்துவிட்டு மாமா வந்தார்.

அத்தையால் ஓட்டி வர முடியாது. எங்கள் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு நீண்ட இறக்கம் உண்டு. முன் பிரேக்கை மட்டும் நம்பி அதில் இறங்க அவள் சம்மதிக்கவில்லை. அவள் சீட்டில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, நானும் மாமாவும் பின்னாலிருந்து தள்ளினோம். கம்பிகள் என் தோளில். கார்கள் எங்களைச் சுற்றி ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

"இவ்வளவு கனமா இது?" என்றார் மாமா, மூச்சு வாங்க.

"உங்க பேர்ல இருக்கிற வண்டி. இப்பத்தான் தொட்டுப் பாக்கறீங்க."

இறக்கம் வந்ததும் தள்ள வேண்டியதில்லை. பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. மாமா சீட்டின் பின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, குதிகாலை ஊன்றி, பின்னால் சாய்ந்தபடியே வந்தார்.

"இப்ப நான்தான் உன் பிரேக்" என்றார்.

"அப்ப தேய்ஞ்சு போவீங்க. பரவாயில்லையா?"

"கொழுப்பு கொஞ்சம் குறையட்டும், விடு."

அத்தை சிரித்தாள். அன்று முழுக்க அதுதான் முதல் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அந்தப் பள்ளத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். எடைக்குப் போன பித்தளையில் இருந்த பள்ளம் அத்தையுடையது. இனி ஊரெங்கும் பிளாஸ்டிக்கில் வரப்போகும் பள்ளம் யாருடையது?

வீட்டுக்கு வந்ததும் மாமா சட்டையைக்கூட மாற்றவில்லை. ஸ்டூலைத் தெருப்பக்க ஜன்னலுக்கு இழுத்து, ஏறி, திருப்புளியால் கைப்பிடியைக் கழற்றினார். பெயின்ட் அடைத்திருந்த திருகுகள் லேசில் வரவில்லை. "இதாவது என் பேர்ல இல்லாம இருக்கட்டும்" என்று முனகியபடி இறங்கி அதை அத்தையிடம் கொடுத்தார். அவள் அதை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். வழவழவென்று, பள்ளம் இல்லாமல் இருந்தது.

காலையில் வெல்டர் கடை திறக்கும்போது நாங்கள் வாசலில் நின்றோம். கேபிளுக்கும் பெட்டிக் கம்பிகளுக்கும் புதுக் கறுப்பில் துளை போட அவர் தயங்கினார். "போடு போடு" என்றாள் அத்தை. பட்டறைக்குச் சற்றுத் தாமதமாகத்தான் போனோம். முதலாளி வாசலில் நின்று, வண்டியைப் பார்த்து, பெட்டிகளை அவரே எடுத்துக் கொடுத்தார். அந்த வாரம் ஒரு லென்ஸும் திரும்பி வரவில்லை.

இத்தோடு முடித்திருந்தால் என் கோபம் தணிந்திருக்கும். ஆனால் அவர்கள் கதையை விடவில்லை. அடுத்த மாதம் பெரிய சாலையில் ஒரு விளம்பரப் பலகை வைத்தார்கள். அதில் ஒரு மெலிந்த பெண், இரண்டு காலும் திடமாக, புது வண்டியின்மேல் சாய்ந்திருக்கிறாள். கட்டைவிரல் லீவரின்மேல். ஒரு பெண்ணின் விரலில் பிறந்தது என்று கீழே எழுதியிருந்தது. மாமா அதைப் பார்த்துவிட்டு வந்து கத்தினார். ஒரு வக்கீலைப் பார்க்க வேண்டும் என்றார். அத்தை, "அந்தப் பொண்ணு பாவம், வெயில்ல நிக்கவச்சிருப்பாங்க" என்றாள். அவள் ஏன் கோபப்படவில்லை என்று எனக்கு அவள்மேலேயே கோபம் வந்தது. அது நியாயமா என்று தெரியவில்லை.

நேற்று சாயங்காலம் வகுப்புக்குப் போகும் வழியில் சிக்னலில் நின்றோம். பக்கத்தில் அந்தப் புது வண்டி ஒன்று வந்து நின்றது. சிறப்புப் பதிப்பு, டாங்கியில் அத்தையின் கீறல்கள். அதில் ஒரு இளைஞன், அலுவலக அட்டை கழுத்தில் தொங்க. அவன் எங்கள் வண்டியை மேலும் கீழும் பார்த்தான். அவன் பார்வை அத்தையின் இடது கையில் வந்து நின்றது.

"ஆன்ட்டி, உங்களதுலயும் அந்த லீவர் போட்டிருக்கீங்களே. சூப்பர். தனியா விக்கறாங்களா? எங்க கிடைச்சுது?"

"ஜன்னல்ல" என்றாள் அத்தை.

அவன் சிரித்தான். அது ஏதோ கடையின் பெயர் என்று நினைத்தானோ, கேலி என்று நினைத்தானோ. "என்னோடது எதுக்குன்னே தெரியல" என்று தன் லீவரை விரலால் தட்டினான்.

"மெதுவாத் தட்டு. உடைஞ்சுடும்."

பச்சை விழுந்தது. இரண்டு வண்டியும் ஒன்றாகக் கிளம்பின. கொஞ்ச தூரத்தில் ஒரு தள்ளுவண்டிக்காரர் குறுக்கே வந்தார். அத்தையின் விரல் இறங்கியது. எங்கள் வண்டி பெட்டிகளோடு அலுங்காமல் நின்றது. அவனும் நின்றான். அவன் கட்டைவிரல் அந்த லீவரின்மேல் அழகாக இருந்தது. வண்டியை நிறுத்தியது அவன் கால்.